துருக்கி நிலநடுக்கம்: திருப்பூரிலிருந்து துணி அனுப்பலாமா?

நூல்கண்டு (திருப்பூர்) – 9 பிப்ரவரி 2023, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். திங்கள்கிழமை விடிகாலையில் துருக்கியிலும் சிரியாவிலும் பூமி அதிர்ந்தது உங்களுக்குத் தெரியும். முதலில் 7.8, அன்று மத்தியானமே 7.5 அளவில் இன்னொன்று. இடிபாட்டுக்குள் இறந்து கிடக்கும் மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு ஒரு அப்பா உட்கார்ந்திருக்கும் படம் வந்ததே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. எனக்கும் பத்தாவது படிக்கும் மகள் இருக்கிறாள்.

சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறேன். ஆர்டர் ரத்தாகித் தேங்கிப்போன டீ சர்ட் நாலாயிரம் பீஸ் குடோனில் கிடக்கிறது. அதை அனுப்பலாம் என்று தெருவில் பேச்சுவாக்கில் சொன்னேன். இரண்டே நாளில் ஆளாளுக்குப் பழைய சேலை, பேன்ட், குழந்தைத் துணி என்று கொண்டுவந்து கொடுத்து, முப்பத்தெட்டு மூட்டை சேர்ந்துவிட்டது. ஒரு அம்மா வீட்டில் மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளை ஒரு பை நிறையக் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பையன் உண்டியலையே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இதையெல்லாம் யாரிடம் கொடுப்பது? கப்பலா, விமானமா? கஸ்டம்ஸில் என்ன கேட்பார்கள்? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நாளைக்கே வேலையை ஆரம்பித்துவிடுவேன்.

அலையாத்தி (நாகப்பட்டினம்) – 9 பிப்ரவரி, இரவு 11:15

தம்பி, உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் மூட்டையை ஏற்றும் முன்னால் நான் சொல்வதைக் கேளுங்கள். நான் மூட்டை வந்து இறங்கிய ஊர்க்காரன்.

2004 டிசம்பர் 26, சுனாமி. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் சொந்தம் பறிகொடுக்காத வீடு அபூர்வம். இரண்டு மூன்று நாளில் லாரிகள் வர ஆரம்பித்தன. எங்கெங்கிருந்தோ, இரவெல்லாம் ஓட்டி வந்திருப்பார்கள். எல்லாம் நல்ல மனசோடு வந்தவைதான். ஆனால் ஊருக்குள் வழி தெரியாது, யாரிடம் கொடுப்பது என்றும் தெரியாது. கடைசியில் ரோட்டோரமாகவே துணியைத் தள்ளிவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

நான் வாலண்டியராக ஒரு மண்டபத்தில் துணி பிரிக்கும் வேலையில் இருந்தேன். ஒரு மூட்டையில் என் கைக்கு வந்ததைச் சொல்கிறேன்: பித்தான் இல்லாத சட்டை, இடுப்பு நாடா போன பாவாடை, சாயம் போன பள்ளிச் சீருடை, கம்பளிக் கோட்டு ஒன்று, அடியில் ஒற்றைச் செருப்பு. கீச்சாங்குப்பத்து அக்கா ஒருவர் அதில் ஒரு சேலையை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். முந்தானையில் இரண்டு கை அகலத்துக்குக் கிழிசல். ஒன்றும் சொல்லாமல் மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நடந்தார். பத்து நாளைக்கு முன்னால் அவர் வீட்டில் சொந்தப் படகு இருந்தது. உழைத்துச் சம்பாதித்து உடுத்திய சனம், தம்பி. கடல் எடுத்துக்கொண்டு போனதால் அவர்கள் பழசு கட்டுகிறவர்கள் ஆகிவிடவில்லை.

அந்தத் துணி ரோட்டோரத்தில் பனியில் நனைந்து, மண்ணோடு மண்ணாகி நாறியது. பிணம் தேடும் வேலைக்கும் குடிதண்ணீர் ஏற்பாட்டுக்கும் ஆள் போதாத நேரத்தில் அதை அள்ள ஆள் போடவேண்டி வந்தது. பிற்பாடு டெல்லியிலிருந்து கூஞ்ச் அமைப்பு வந்து, கிடந்த துணியைப் பிரித்துத் தரம் பார்த்து உருப்படியாக்கும் வேலையில் இறங்கியது. அந்த ஒரு வேலைக்கே ஒரு அமைப்பு தேவைப்பட்டது என்றால் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் காசு நிறைய வந்தது. பெரும்பாலான அமைப்புகள் ஃபைபர் படகு கொடுக்கத்தான் ஆசைப்பட்டன. வரிசையாகக் கரையில் நிறுத்தி, பெயர் எழுதிக் கொடுப்பார்கள். சில ஊர்களில் சுனாமிக்கு முன்னால் இருந்ததைவிடப் படகு கூடிப்போய், ஏறிப் போக ஆள் கிடைக்கவில்லை. அதே ஊரில் மீன் கூடை தூக்கி விற்ற பெண்களுக்குப் புதுசாக ஒரு அன்னக்கூடையும் கொஞ்சம் முதலும் கொடுக்க ஆள் வர ரொம்ப நாள் ஆனது. உப்புத் தண்ணீர் ஏறிய வயலில் கூலி வேலை பார்த்த தலித் குடும்பங்களை இன்னும் தாமதமாகத்தான் கவனித்தார்கள்.

சரியாக நடந்தது ஒன்று உண்டு. 2005 ஜனவரி தொடக்கத்திலேயே கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் தொண்டு நிறுவனங்களுக்கென்று ஒரு ஒருங்கிணைப்பு மையம் வந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சினேகா என்ற தொண்டு அமைப்பும் அதில் முன்னால் நின்றன. எந்த ஊரில் எது வந்துவிட்டது, எது வரவில்லை என்று அங்கே கேட்டுவிட்டுப் போன அமைப்புகளின் வேலை வீண் போகவில்லை. மற்றவர்கள் கிழக்கு கடற்கரைச் சாலையில் எந்த ஊர் முதலில் வருகிறதோ அங்கேயே இறங்கினார்கள். ரோட்டோர ஊருக்கு மூன்று தரம் அரிசி, உள்ளே தள்ளியிருந்த ஊருக்கு ஒன்றுமில்லை.

காங்கேயம்காளை – 10 பிப்ரவரி, காலை 7:05

ஐயா சொல்வது நடந்திருக்கும். ஆனாலும் கொடுக்க வந்தவரைக் கொடுக்காதே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அங்கே பனி கொட்டுகிறது, குளிரில் நடுங்குகிறவனுக்குப் பழசென்ன புதுசென்ன? இப்படியே சொல்லிக்கொண்டிருந்தால் அடுத்த தடவை யாரும் எதுவும் தரமாட்டார்கள்.

குப்பி (மதுரை) – 10 பிப்ரவரி, காலை 8:30

காளை அண்ணா, குளிரில் நடுங்குகிறவருக்கு வேண்டியது கம்பளியும் கூடாரமும் அடுப்பும். நம்மிடம் இருப்பது காட்டன் டீ சர்ட். நிலநடுக்கம் வந்த காசியான்டெப் பக்கம் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகிறது.

நான் மருந்தாளுநர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நூல்கண்டு அண்ணாவின் பதிவில் அந்த மாத்திரைப் பை என்னை உறுத்தியது. அதைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

அதே சுனாமியில் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு நாலாயிரம் டன் மருந்து தானமாகப் போனது. அங்கிருந்த மக்கள் இருபது லட்சத்துக்கும் குறைவு. வந்ததில் 60 சதவீதம் அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை. 70 சதவீதத்துக்கு அந்த ஊர் டாக்டருக்கும் நர்சுக்கும் படிக்கத் தெரியாத மொழியில் லேபிள். அதற்கு முன்னால் போஸ்னியாவிலும் இதேதான்: 1992 முதல் 1996 வரை வந்த மருந்தில் பாதிக்கு மேல் உபயோகமில்லாதது.

பயன்படாத மருந்தைக் குப்பையில் கொட்ட முடியாது, மண்ணில் அப்படியே புதைக்கவும் முடியாது. அதிக வெப்பத்தில் எரிக்கவேண்டும். கட்டடமெல்லாம் விழுந்துகிடக்கிற ஊரில் அதற்கு எங்கே போவார்கள்? இந்த அனுபவமெல்லாம் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 1996-லிருந்தே நெறிமுறை வைத்திருக்கிறது. வாங்குகிறவர் கேட்காமல் அனுப்பக்கூடாது. போய்ச் சேரும்போது காலாவதிக்கு ஒரு வருஷமாவது பாக்கி இருக்கவேண்டும். நோயாளி சாப்பிட்டு மிச்சம் வைத்ததும் சாம்பிள் மருந்தும் கூடவே கூடாது. லேபிளில் கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, மருந்தின் பொதுப்பெயர் இருக்கவேண்டும்.

கருவிகளின் கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனைக்கு அமெரிக்காவிலிருந்து ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஆறு வந்தது. 110 வோல்ட்டில் ஓடுகிற சாமான். முதல்நாள் ஒரு பையன் பிளக்கை மட்டும் மாற்றிச் சொருகினான். கருகின வாடை வராந்தா முழுக்க அடித்தது. மீதி ஐந்தும் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து, நான் அங்கிருந்து விலகும்வரைக்கும் அப்படியேதான் இருந்தன. அனுப்பியவர் கெட்டவர் இல்லை. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் போதும்.

வெளிநாட்டு உதவியே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் வெங்கடசாமி ரிட்டயர் ஆன பிறகு 1976-ல் பதினோரு படுக்கையோடு ஆரம்பித்தது. முடக்குவாதத்தில் விரலெல்லாம் கோணிப்போன கையால் ஆபரேஷன் செய்தவர். அமெரிக்காவின் சேவா அமைப்பு ஆரம்ப காலத்திலிருந்தே துணை நின்றது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் முதலில் வெளியிலிருந்து தானமாகத்தான் வந்தது. விலைக்கு வாங்கினால் ஒன்று நூறு டாலரை ஒட்டி. எத்தனை நாளைக்குத் தானம் வாங்குவது? 1992-ல் வெளிநாட்டு நண்பர்களின் தொழில்நுட்ப உதவியோடு ஆரோலேப் தொடங்கி, மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். விலை பத்து டாலருக்குள் வந்தது. இன்றைக்கு அந்த லென்ஸ் உலகம் பூராவும் போகிறது. நேபாளத்திலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பயிற்சிக்கு மதுரைக்கு வருகிறார்கள்.

நூல்கண்டு – 10 பிப்ரவரி, காலை 10:20

படித்துவிட்டு மனசு கொஞ்சம் வாடித்தான் போனது. ஆனால் சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி. ஒரு சந்தேகம். பல ஊர்களில் துருக்கித் தூதரகங்களே போர்வை, குளிர்ச் சட்டை, கூடாரம் எல்லாம் கேட்டுப் பட்டியல் போட்டிருக்கின்றன. அப்படியென்றால் துணி தேவைதானே? காட்டன் டீ சர்ட்டை உள்ளே போட்டு மேலே ஸ்வெட்டர் போடலாமே. கப்பல் வாடகையை நானே ஏற்றுக்கொள்ளவும் தயார்.

முத்துக்குளி (தூத்துக்குடி) – 10 பிப்ரவரி, காலை 11:45

அண்ணாச்சி, நான் கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். திருப்பூர்ச் சரக்குதான் எங்களுக்குச் சோறு போடுகிறது, அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

அந்தப் பட்டியலில் புதுசு மட்டும், வகை பிரித்து, பெட்டி மேலே எழுதித் தரச்சொல்லித்தான் கேட்கிறார்கள். அதுவும் பக்கத்து நாட்டிலிருந்து லாரியில் போகிற சரக்குக்கு அர்த்தம் உண்டு. இங்கிருந்து கன்டெய்னர் கிளம்பி, இடையில் கப்பல் மாறி, அங்கே போய் இறங்க ஒரு மாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் குளிர்காலமே முடிகிற நேரம் வந்துவிடும். அப்புறம், அந்தப் பகுதிக்கான பெரிய துறைமுகங்களில் ஒன்று இஸ்கெண்டெருன். நிலநடுக்கத்தில் கன்டெய்னர்கள் சரிந்து தீப்பிடித்து, நாள்கணக்கில் எரிந்து துறைமுகமே மூடிக்கிடக்கிறது. மற்ற துறைமுகத்தில் கிரேன் அடிக்கும் ஒவ்வொரு தூக்கும் இப்போது விலைமதிப்பு உள்ளது. அந்த வரிசையில் நம் டீ சர்ட் பெட்டி நின்றால், பின்னால் ஒரு கூடாரப் பெட்டி காத்திருக்கும்.

இன்னொன்று. துருக்கியே துணி நெய்து உலகத்துக்கு விற்கிற நாடு. நிலநடுக்கம் வந்த அந்த வட்டாரத்தில்தான் நூல் மில்லும் நெசவும் அதிகம். நம் திருப்பூருக்கே போட்டிக்காரர்கள் அவர்கள். அங்கே கடை திறந்ததும் காசு இருந்தால் அந்த ஊரிலேயே வாங்கிக்கொள்வார்கள். அந்தக் காசில் அங்கே ஒரு கடைக்காரரும் எழுந்து நிற்பார்.

போர்வைதான் கொடுக்கவேண்டும் என்றால், உலகத்தில் பல நிவாரண அமைப்புகள் மொத்தமாக வாங்குவது நம் பானிபட்டில்தான். அவர்களுக்குக் காசு போனால் அவர்களே வாங்கி அடுக்கி வைத்ததை எடுத்து அனுப்புவார்கள்.

வாவிக்கரை (மட்டக்களப்பு) – 10 பிப்ரவரி, மாலை 6:30

நான் மட்டக்களப்பு. சுனாமி நேரம் எனக்கு வயது பத்தொன்பது. நவலடிப் பக்கம் இருந்த எங்கட சனம் கனபேர் போய்விட்டார்கள். வெளிநாட்டு உதவி வராமல் இருந்திருந்தால் நாங்கள் மிச்சமாக இருந்திருக்க மாட்டோம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தறப்பாளும் தண்ணீர்த் தாங்கியும் கொண்டுவந்து இறக்கிய அந்தப் பொடியன்களை இப்பவும் நினைப்பேன்.

ஆனால் எனக்கு மனதில் தைத்தபடி கிடக்கிற ஒன்று இருக்கிறது. எங்கட சுனாமி முகாமில் இருந்து ஒரு கட்டை (ஒரு மைல்) தூரத்தில் யுத்தத்தால் இடம்பெயர்ந்த சனத்தின் முகாம் ஒன்று இருந்தது. அவர்கள் அப்படி ஓலைக் கொட்டிலில் பல வருடம். எங்களுக்குப் புதுக் கூடாரம், பிள்ளைகளுக்குப் புத்தகப் பை, விளையாட்டுச் சாமான், பிறகு கல்வீடு. அவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் காசு தந்தவர்கள் "சுனாமிக்கு" என்று எழுதித் தந்தார்கள். என்னோடு படித்த ஒருத்தி அந்த முகாமில் இருந்தாள். எனக்கு இரண்டு புத்தகப் பை கிடைத்தது. ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். வாங்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகுதான் கணக்கு வாசித்தேன். சுனாமியில் பாதிக்கப்பட்ட ஒரு ஆளுக்கு உலகம் தந்தது 7,100 டொலர் அளவு. அதே 2004-ல் வங்காளதேசத்தில் வெள்ளம் வந்து பாதிக்கப்பட்ட ஆளுக்கு 3 டொலர். டிவியில் அலை வந்தது, வெள்ளம் வரவில்லை. அதுதான் வித்தியாசம்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அந்த நேரம் ஒரு காரியம் செய்தது. சுனாமி நடந்து ஒரு கிழமை (ஒரு வாரம்) அளவிலேயே, சுனாமிக்கென்று எங்களுக்குப் போதுமான காசு வந்துவிட்டது, இனி அதற்கென்று தரவேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. தந்தவர்களிடம், மிச்சத்தை வேறு இடத்துக்குப் பாவிக்கலாமா என்றும் கேட்டது. மிகச் சிலர்தான் திருப்பிக் கேட்டார்கள்.

இப்ப துருக்கியைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கிறார்கள். சிரியாவின் வடமேற்கில் பன்னிரண்டு வருடமாக யுத்தத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த சனமும் அதே இரவில்தான் இடிபாட்டுக்குள் போனது. ஐ.நா. லொறி உள்ளே போக பாப் அல்-ஹவா என்ற ஒரே ஒரு எல்லைக் கடவைதான். முதல் லொறி நேற்றுத்தான் போனதாம், நாலாவது நாள். அண்ணை, காசு தருகிறதென்றால் அவர்களையும் நினையுங்கோ.

தாதி_தமிழ் – 11 பிப்ரவரி, காலை 6:10

மட்டக்களப்புத் தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

நான் நர்ஸ். 2017 கடைசியில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில், ரோஹிங்கியா முகாமில் மூன்று மாதம் இருந்தேன். ஆகஸ்ட் 25-க்குப் பிறகு சில மாதங்களுக்குள் ஏழு லட்சம் பேர் மியான்மரிலிருந்து எல்லை தாண்டி வந்திருந்தார்கள். குன்றை வெட்டி, மூங்கிலும் பிளாஸ்டிக் ஷீட்டுமாகக் குடிசைகள். நான் போகும்போது பெரிய காயங்களுக்குக் கட்டுப் போடப்போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே உயிருக்கு உலை வைத்தவை அதைவிடச் சாதாரணமானவை. கக்கூசுக்குப் பக்கத்திலேயே ஆழமில்லாத அடிபம்பு, அதனால் பேதி. அப்புறம் தொண்டை அடைப்பான், டிப்தீரியா. எங்கள் குழுவில் ஐரோப்பிய டாக்டர்கள் பலர் அதைப் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்தவர்கள். முறிமருந்து உலகத்திலேயே தட்டுப்பாடு.

ஒரு பாட்டி பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று வயசு இருக்கும். கண் உள்ளே போய், வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நிற்கிறது. எனக்கு அவர் பேசுவது ஒரு வார்த்தை புரியவில்லை. பக்கத்தில் சிட்டகாங்கிலிருந்து வந்த இருபது வயசுப் பெண், அவள் ஊர்ப் பேச்சு ரோஹிங்கியா பேச்சுக்கு ரொம்ப நெருக்கம். பாட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு தேக்கரண்டி, நிறுத்து, இன்னொரு தேக்கரண்டி என்று உப்புச் சர்க்கரைத் தண்ணீரை அவர் கையாலேயே கொடுக்க வைத்தாள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி. சாயங்காலம் பையன் மூத்திரம் போனான். பாட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு அந்த இடத்தில் அந்தப் பெண் செய்த வேலையில் பாதிகூட நான் செய்யவில்லை.

அந்தக் கரைசலின் கதையும் அந்த மண்ணுக்குச் சொந்தமானதுதான். 1971-ல் வங்கதேச அகதிகள் ஒரு கோடி அளவில் இந்தியாவுக்கு வந்தபோது, மேற்கு வங்கத்தின் பொங்காவ் முகாமில் காலரா. நரம்பில் ஏற்ற சலைன் இல்லை. டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்து, சொந்தக்காரர்களையே கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. பின்னால் வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு 1980-லிருந்து பத்து வருஷம் வீடு வீடாகப் போய், ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் தாய்மாருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். சொல்லிக்கொடுத்த பெண்களுக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? பிறகு ஒருவர் போய்ப் பார்ப்பார். தாய்க்கு எத்தனை ஞாபகம் இருக்கிறதோ அதற்குத் தக்கபடி. நான் கேட்ட உதவித் திட்டங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது. எத்தனை நோட்டீஸ் அச்சடித்தோம் என்று எண்ணவில்லை, அந்தம்மாவின் மனசில் என்ன நின்றது என்று எண்ணினார்கள்.

அந்த பிராக் நிறுவனர் ஃபஸ்லே ஹசன் அபெத் எண்ணெய்க் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தவர். 1970 புயலும் 71 போரும் அவரை மாற்றின. லண்டனில் இருந்த வீட்டை விற்ற காசையும் போட்டுத்தான் வங்கதேசத்தின் சுல்லா பகுதியில் வேலையை ஆரம்பித்தார். வாவிக்கரை தம்பி, 2005-ல் சுனாமிக்குப் பிறகு உங்கள் நாட்டுக்கும் பிராக் வந்தது.

உதவிக்குப் போகிறவர்களே கேடு கொண்டுபோன கதையும் உண்டு. ஹெய்ட்டியில் 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு, அக்டோபரில், ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவியது. பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். ஐ.நா. பொதுச்செயலாளர் 2016 டிசம்பரில்தான் மன்னிப்புக் கேட்டார். வெறுமனே நாம் நல்லது செய்யப் போகிறோம் என்ற நினைப்போடு இறங்கிவிட முடியாது. இன்றைக்கு வெளிநாட்டு மருத்துவக் குழு போவதற்கென்றே தர வகை வைத்திருக்கிறார்கள். தங்களுக்கு வேண்டிய தண்ணீர், கரண்ட், சாப்பாடு, கழிவு ஏற்பாடு எல்லாம் கையோடு கொண்டுபோகவேண்டும். இஸ்கெண்டெருனில் நம் ராணுவ மருத்துவமனை இப்போது அப்படித்தான் இறங்கியிருக்கிறது.

கரும்பலகை (கடலூர்) – 11 பிப்ரவரி, இரவு 8:50

படிப்பு பற்றி யாரும் பேசாததால் நான் கொஞ்சம்.

சுனாமிக்குப் பிறகு ஒரு தற்காலிகப் பள்ளியில் பாடம் எடுத்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெளிநாட்டு வாலண்டியர்கள் ஒரு குழுவாக வருவார்கள். அன்பான பிள்ளைகள். குழந்தைகளோடு விளையாடி, ஒரே இங்கிலீஷ் பாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். அடுத்த குழு வந்து அதே பாட்டு. மூன்றாவது குழு பஸ் ஏறியபோது ஒரு சின்னப் பெண், அம்மாவை அலையில் இழந்தவள், பஸ் பின்னால் ஓடிக் கீழே விழுந்தாள். நான்காவது குழு வந்தபோது அவள் வகுப்புக்குள் வரவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு நான் தலைமையாசிரியரிடம் சண்டை போட்டேன். அந்தப் பயணச் செலவில் எங்கள் ஊரிலேயே படித்த ஒரு பெண்ணை இரண்டு வருஷத்துக்கு டீச்சராக வைத்திருக்கலாம்.

தாதி அக்கா சொன்ன அதே பிராக்தான் பள்ளிக்கூடமும் நடத்தியது. 1985-ல் 22 பள்ளியோடு ஆரம்பம். ஒரே ஒரு அறை, முப்பது பிள்ளைகள், அதே ஊரிலிருந்து ஒரு பெண் டீச்சர். கட்டடம் அவ்வளவுதான்.

அநாதை இல்லத்துக்குக் கொடுக்கிறவர்களும் ஒன்றை யோசியுங்கள். ஹெய்ட்டியில் அப்படிப்பட்ட இல்லங்களில் முப்பதாயிரம் குழந்தைகள் இருப்பதாகக் கணக்கு. அதில் நூற்றுக்கு எண்பது பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். சோறு போட முடியாமல் விட்டவர்கள். அந்தக் காசை அந்த வீட்டுக்குக் கொடுத்தால் பிள்ளை வீட்டிலேயே இருக்கும்.

காங்கேயம்காளை – 12 பிப்ரவரி, காலை 9:00

எல்லோரும் காசு காசு என்கிறீர்கள். காசு கொடுத்தால் ஆபீஸ் வாடகை, சம்பளம், ஏசி கார் என்று போய்விடாதா? மூட்டை என்றால் மூட்டையாகவாவது போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில்தான் சனங்கள் துணி கொடுக்கிறார்கள். இதற்கு யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

பேரேடு (கோவை) – 12 பிப்ரவரி, பகல் 1:25

நியாயமான கேள்வி, காளை. நான் ஆடிட்டர். தொண்டு நிறுவனக் கணக்குகள் பார்த்திருக்கிறேன். திருடியவர்களையும் பார்த்திருக்கிறேன், எனவே பயப்படாதே என்று சொல்லமாட்டேன்.

ஆனால் சம்பளம் என்றதும் வீண்செலவு என்று நினைப்பது தப்பு. குடோனில் போர்வையை எண்ணி அடுக்கி, எலி கடிக்காமல் பார்த்து, இரவு இரண்டு மணிக்கு லாரி வந்ததும் ஏற்றிவிடுகிற ஆள் சம்பளக்காரர்தான். தாதி அம்மா சொன்ன சிட்டகாங் பெண்ணுக்கும் வீட்டில் உலை கொதிக்கவேண்டும். நம் நாட்டில் வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்புகளுக்கு நிர்வாகச் செலவு முன்பு 50 சதவீதம் வரை போகலாம் என்று இருந்தது, 2020 திருத்தத்தில் அதை 20 ஆக்கிவிட்டார்கள். வாங்கிய காசை வேறு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் தடை. திருட்டைத் தடுக்கத்தான் சட்டம் என்கிறார்கள். எனக்குத் தெரிந்து அடி வாங்கியது சின்ன ஊர் அமைப்புகள். பெரிய அமைப்பின் காசை வாங்கி மலைக்கிராமத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வழி அடைந்துபோனது.

சரி, எப்படிப் பார்த்துக் கொடுப்பது? ஆண்டறிக்கையும் தணிக்கைக் கணக்கும் வெளியிடுகிறார்களா என்று பாருங்கள். நம் ஊர் அமைப்பு என்றால் வெளிநாட்டு நன்கொடைக் கணக்கைக் காட்டும் எஃப்சி-4 படிவம் வருஷா வருஷம் தாக்கல் ஆகிறதா பாருங்கள். சம்பவத்துக்கு முன்னாலேயே அந்த நாட்டில் ஆள் வைத்து வேலை செய்தவர்களா என்று பாருங்கள், அது எல்லாவற்றையும்விட முக்கியம். கொடுக்கும்போது "இதற்கு மட்டும்" என்று கட்டிப்போடாதீர்கள். அதனால் என்ன ஆகும் என்று வாவிக்கரை தம்பி எழுதிவிட்டார்.

நூல்கண்டுக்கு: நீங்கள் டிரஸ்ட் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால் வருமான வரித் துறையில் முன்கூட்டி அனுமதி வேண்டும், அந்த வழி இப்போதைக்கு ஆகாது. தனி நபராக, ரிசர்வ் வங்கி வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதிக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் வங்கி மூலம் நன்கொடை அனுப்பலாம். வெளிநாட்டு அமைப்புக்கு நேரே போவதால் நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச் சலுகை கிடைக்காது.

நூல்கண்டு – 26 பிப்ரவரி, இரவு 10:05

பதினாலு நாள் கழித்து வருகிறேன். என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன்.

செக்கிங் பிரிவுப் பெண்கள் ஆறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முப்பத்தெட்டு மூட்டையையும் பிரித்தார்கள். கட்டத் தகுந்தது பதினோரு மூட்டை தேறியது. துவைத்து, இஸ்திரி போட்டு, அளவு எழுதி, கேட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தோம். வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் சிலர் குழந்தைத் துணி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மீதி வேஸ்ட் துணியாகக் கிலோ கணக்கில் போனது, அந்தக் காசும் கணக்கில் சேர்ந்தது. மாத்திரைப் பையை அந்த அம்மாவிடமே திருப்பிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். சங்கடப்படுவார் என்று நினைத்தேன். அவர் மகனுக்கு டப்பா நிறைய மாத்திரை துபாயிலிருந்து யாரோ அனுப்பி, எதற்கென்று தெரியாமல் வைத்திருந்த கதையை அவரே சொன்னார்.

டீ சர்ட்டில் ஒரு பகுதியைக் கம்பெனி வாசலில் மூன்று நாள் போட்டு ஒன்று 80 ரூபாய்க்கு விற்றோம். போர்டில் எதற்காக விற்கிறோம் என்று எழுதியிருந்தேன். நூறு ரூபாய் கொடுத்துவிட்டுச் சில்லறை வேண்டாம் என்றவர்கள்தான் அதிகம். எல்லாம் சேர்த்து 2,87,000 ரூபாய். கம்பெனி என் ஒருவன் பெயரில் இருப்பதால் பேரேடு சார் சொன்ன வழியில் வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவம் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். துருக்கிக்குள் முன்பிருந்தே வேலை செய்யும் அமைப்பு ஒன்று, சிரியாவுக்குள் மருத்துவமனை நடத்தும் அமைப்பு ஒன்று, இரண்டுக்கும் பாதிப் பாதி. "எங்கே தேவையோ அங்கே" என்று எழுதினேன்.

உண்டியல் பையனிடம் ரசீதைக் காட்டினேன். அவன் காசு எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டான். 1,146 ரூபாய், தனியாக இல்லை, மொத்தத்தில் இருக்கிறது என்றேன். அவனுக்குத் திருப்தி இல்லை. தாதி அக்கா, நீங்கள் எழுதிய சிட்டிகை உப்புக் கதையைத்தான் அவனுக்குச் சொன்னேன். நேற்று வீட்டில் மூன்று விரலால் உப்பெடுத்துக் கலந்து பார்த்தானாம், அவன் அம்மா சொன்னார்.

அலையாத்தி – 27 பிப்ரவரி, காலை 5:50

ரொம்ப நல்லது தம்பி. ஒரு வேண்டுகோள். மார்ச் முடிந்ததும் கேமராக்கள் போய்விடும். எங்களுக்கும் அப்படித்தான். ஏப்ரல், மே வெயிலில் தார்ஷீட் கொட்டகைக்குள் குழந்தையைக் கிடத்த முடியாமல் மரத்தடியில் கிடந்தோம். அப்போது வந்து எட்டிப் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான், அவர்கள் பெயரெல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம். முடிந்தால் ஆறு மாசம் கழித்து இன்னொரு தடவை கொஞ்சம் அனுப்புங்கள்.

நூல்கண்டு – 27 பிப்ரவரி, காலை 8:15

செப்டம்பர் 1 என்று காலண்டரில் எழுதிவிட்டேன் அண்ணா. மகள்தான் எழுதினாள்.

புதுஉறுப்பினர்_ஈரோடு – 14 செப்டம்பர் 2023, மாலை 4:30

பழைய இழையைக் கிளறுவதற்கு மன்னிக்கவும். லிபியாவில் டெர்னா ஊரில் அணைகள் உடைந்து ஊரையே கடலுக்குள் இழுத்துவிட்டதைப் பார்த்தோம். எங்கள் காலேஜில் துணி, மருந்து சேகரித்துக்கொண்டிருக்கிறோம். நூல்கண்டு சார், எப்படி அனுப்புவது?

நூல்கண்டு – 14 செப்டம்பர் 2023, மாலை 4:52

தம்பி, சேகரிப்பதை இன்றைக்கு மட்டும் நிறுத்தி வையுங்கள். இழையை மேலேயிருந்து படியுங்கள், அலையாத்தி அண்ணன் எழுதியதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். நம்பரைத் தனிச்செய்தியில் போடுகிறேன், ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். வந்த துணியை என்ன செய்யலாம் என்று செக்கிங் பிரிவு அக்காக்களிடம் கேட்டு வைக்கிறேன். செப்டம்பர் தவணையை ஒன்றாம் தேதியே துருக்கிக்கும் சிரியாவுக்கும் அனுப்பியாகிவிட்டது, அதனால் இந்தத் தடவை என் பங்கு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.